கட்டுச்சோறு

நுழையும்முன்

பறவைகள் வரும் நாளை ஆவலோடு எதிர்நோக்கும் நாம், அவை புறப்படும் நாளை அறிந்துகொள்வதில்லை. பின்பனி முடிந்து இளவேனில் தொடங்கும் நாள்களில் கோடியக்கரைச் சதுப்புநிலத்தில் ஆண்டுதோறும் ஒரு பெரும் புறப்பாடு நிகழ்கிறது. அதனையும் அதனோடு பின்னிக் கிடக்கும் தம் இளமைக்காலத் தவற்றையும் ஓர் ஆசிரியர் நினைவுகூர்வதே இக்கட்டுரை.

பங்குனி பிறந்து ஐந்தாறு நாள்களே ஆகியிருந்தன. வைகறைப் பனி இன்னும் முற்றாக விலகவில்லை. வேதாரண்யத்திலிருந்து தெற்கே செல்லும் சாலையில் கோடியக்காட்டைக் கடந்து, வனத்துறையின் இசைவோடு, என் மாணவர் பன்னிருவருடன் சதுப்புநிலத்தின் விளிம்பில் நின்றிருந்தேன். வங்கக் கடலோரமாகத் தெற்கு நோக்கி வரும் சோழமண்டலக் கரை சட்டென்று மேற்கே திரும்பும் முனைதான் கோடியக்கரை. அம்முனையை அடுத்து, பாக் நீரிணையை ஒட்டி, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டை நோக்கி நீண்டு கிடக்கிறது இந்த உவர்ச்சதுப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கடல்போல் நீர் நிறைந்திருந்த நிலம், இப்போது சுருங்கிச் சுருங்கி, ஆங்காங்கே ஈயத்தகடுபோல் மின்னும் ஆழமற்ற குட்டைகளாக மாறியிருந்தது.

கதிரவன் எங்கள் முதுகுக்குப் பின்னால் எழுந்தான். பறவை பார்ப்போர்க்கு அதுவே உகந்த நிலை. ஒளி பறவையின்மீது விழுவதால் அது வெறும் நிழலுருவாகத் தெரியாது. நிறமும் வடிவும் தெளிவாகப் புலப்படும். பள்ளியில் இருந்த இரண்டே தொலைநோக்கிகள் கைமாறிக்கொண்டிருந்தன. வெறுங்கண்ணுக்குச் சேற்றின்மேல் சிதறிய கூழாங்கற்களாகத் தோன்றியவை, தொலைநோக்கிக்குள் உயிர்பெற்று ஓடின. அவை கொசு உள்ளான்கள். சிட்டுக்குருவியை ஒத்த அளவும் கருநிறக் கால்களும் உடையவை. ஆயிரத்துக்குக் குறையாத பறவைகள் தலை நிமிராமல் சேற்றைக் கொத்திக்கொண்டிருந்தன.

அப்போதுதான் அது நிகழ்ந்தது. மாணவன் ஒருவன் அலைபேசியை உயர்த்திப் பிடிக்க, அவன் தோழன் இரு கைகளையும் ஓங்கித் தட்டினான். கூட்டம் முழுவதும் ஒரே வீச்சில் எழுந்தது. வெண்வயிறு தெரிய ஒருபுறம் சாய்ந்து, பழுப்பு முதுகு தெரிய மறுபுறம் சாய்ந்து, புகைபோல் சுழன்று, தொலைவில் போய் இறங்கியது. படம் எடுத்தவன் முகத்தில் மகிழ்ச்சி பொங்கியது.

எனக்குச் சினம் எழுந்தது. ஆனால், சினம் கொள்ளும் தகுதி எனக்கு உண்டா என்ற எண்ணம் அதனைத் தடுத்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் இதே கரையில் இதனினும் பெரிய தவற்றைச் செய்தவன் நான்.

“அவை மீண்டும் அமர்ந்துவிட்டனவே, ஐயா! அவற்றுக்கு என்ன இழப்பு?” என்று கைதட்டியவன் கேட்டான். நேர்மையான வினா. அதற்கு விடையாக அன்று நான் கூறியவற்றையே இங்கு எழுதுகிறேன்.

சேற்றுக்குள் ஒரு சமையற்கூடம்

சதுப்புநிலத்தைப் பாழ்நிலம் என்று சொல்வோர் உண்டு. அங்கு நெல் விளையாது. வீடு கட்ட இயலாது. நடந்தால் கால் புதையும். ஆனால், ஒரு பிடி சேற்றை அள்ளிச் சல்லடையில் இட்டு அலசினால் உண்மை விளங்கும். புழுக்கள், பூச்சிகளின் இளம் பருவங்கள், சிறு நத்தைகள், இறால் குலத்துச் சிற்றுயிர்கள் என அச்சேறு முழுவதும் உயிர் நெளியும். வயலுக்கு நெல் எப்படியோ, சதுப்புக்கு இவை அப்படி.

இவ்விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளப் பறவைகளிடையே ஓர் ஒழுங்கு உண்டு. உப்புக்கொத்திக்குக் குட்டையான அலகும் பெரிய கண்களும் உள்ளன. அது சிறிது தூரம் ஓடும், நிற்கும், பார்க்கும், கண்ணில் பட்டதைக் கொத்தும். கொசு உள்ளான், தையல் எந்திரத்தின் ஊசிபோல ஓயாமல் மேற்சேற்றைக் குத்திக்கொண்டே நகரும். வளைமூக்கு உள்ளான் வயிறு நனையும் நீரில் நின்று அலகைச் செலுத்தும். கருவால் மூக்கனின் அலகோ நம் ஆள்காட்டி விரலினும் நீண்டது. அது அடிச்சேற்றில் உள்ள புழுவைத் தேடும். ஒரே சேற்றில் மேலும் கீழுமாகப் பல பந்திகள்! எனவே, கரைப்பறவையை இனங்காண விரும்புவோர் முதலில் அதன் நிறத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அலகின் நீளத்தையும் அது உண்ணும் முறையையும் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

நிறத்தை நம்ப இயலாமைக்குப் பங்குனி மாதமே சான்று. தை மாதத்தில் சாம்பல் நிறமாக இருந்த கொசு உள்ளானின் தலையிலும் மார்பிலும் இப்போது துருச்சிவப்பு இழையோடத் தொடங்கும். வளைமூக்கு உள்ளான் மெல்ல மெல்லச் செங்கல் நிறம் கொள்ளும். தையில் பார்த்துப் பெயரறிந்த பறவையைப் பங்குனியில் அடையாளம் காண முடியாமல் திகைப்போர் பலர். அவை நம் கரையில் இருந்தபடியே, தொலைநாட்டில் நிகழவிருக்கும் மணத்துக்குக் கோலம் பூணுகின்றன.

உடலுக்குள் நிகழும் மாற்றம் இதனினும் வியப்பானது. வழக்கமாக இருபது, இருபத்தைந்து கிராம் எடையே உள்ள கொசு உள்ளான், பயணத்துக்கு முந்தைய வாரங்களில் இரவும் பகலும் உண்டு கொழுப்பைச் சேமிக்கிறது. ஒரு கிராம் மாவுச்சத்து தரும் ஆற்றலைப்போல் இரு மடங்குக்கும் மேலான ஆற்றலை ஒரு கிராம் கொழுப்பு தரும். குறைந்த சுமையில் மிகுந்த எரிபொருள்! நெடுந்தொலைவு பறக்கும் கரைப்பறவைகள் சிலவற்றில், புறப்படும் வேளையில் உடல் எடையின் பாதியளவுக்குக் கொழுப்பே இருக்கும். வழியில் தேவைப்படாத இரைப்பை, குடல் போன்ற உறுப்புகள் சுருங்கிக்கொள்ளும் என்பதையும் ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர்.

தொலைவழி செல்வோர் கட்டுச்சோறு எடுத்துச் செல்வது நம் வழக்கம். பறவைக்குக் கையில் பை இல்லை. தோளில் மூட்டை இல்லை. அது தன் கட்டுச்சோற்றைத் தன் நெஞ்சுக்குள் கட்டிக்கொள்கிறது. அதனைக் கட்டும் இடம் இந்தச் சேறு. கட்டும் காலம் இந்தப் பங்குனி. ஒரு கைதட்டலால் ஒரு பறவை இறந்துவிடாது. ஆயினும், ஒவ்வொரு முறை அஞ்சிப் பறக்கும்போதும் சேர்த்த கொழுப்பில் சிறிது எரிகிறது. உண்ணும் நேரத்தில் சிறிது குறைகிறது. காலையில் நாம் ஒருமுறை, நண்பகலில் நாய்கள் பலமுறை, மாலையில் வேறு சிலர் எனத் துரத்தினால், அந்தக் கட்டுச்சோற்றில் எத்தனை கவளம் குறைந்திருக்கும்! நாம் நெருங்கும்போது பறவை உண்பதை நிறுத்தித் தலையை நிமிர்த்தினால், அதற்கு மேல் ஓர் அடியும் எடுத்து வைத்தல் கூடாது. பறவை பார்ப்போர் கற்க வேண்டிய முதற்பாடம் இதுவே.

காலில் கொலுசு அணிந்த பறவை

இப்பாடத்தை நான் கற்ற விதம் பெருமைக்குரியதன்று.

1984ஆம் ஆண்டு. நான் எட்டாம் வகுப்பு மாணவன். என் தாய்மாமன் பகலில் உப்பளத்தில் வேலை செய்தார். நிலவில்லா இரவுகளில் சதுப்பில் வலை கட்டினார். கோடியக்கரை 1967ஆம் ஆண்டிலேயே சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருந்தது. வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்திருந்தது. ஆனால், அளத்துக் கூலி அரிசிக்கே போதாத வீட்டில் சட்டத்தைப் பற்றி எவரும் பேசியதில்லை. இரண்டு கழிகளுக்கு இடையே நீருக்குச் சற்று மேலே வலை நிற்கும். இருளில் தாழப் பறந்து வரும் பறவைகள் அதில் சிக்கும். சாக்குப்பையின் வாயை விரித்துப் பிடித்துக்கொள்வது என் பணி. அதற்கு எனக்குக் கிடைத்த கூலி எட்டணா.

“மாப்ளே, பங்குனி உள்ளான்தான் கறிக்கு ஆகும். மழைக்கு முன்னாடி வந்து இறங்குறது வெறும் எலும்பு. இப்பத் தொட்டுப் பாரு, நெஞ்சுல வெண்ணெய் கட்டினாப்ல இருக்கும்” என்பார் மாமா. அவர் கூற்றில் பிழையில்லை. நெடும்பயணம் முடித்து வந்திறங்கும் பறவை மெலிந்திருக்கும். நெடும்பயணத்துக்கு அணியமாகும் பறவை கொழுத்திருக்கும். நூல்கள் எதையும் படிக்காத மாமா அதனைக் கையால் அறிந்திருந்தார். அந்தக் கொழுப்பு எதற்காக என்பது மட்டும் எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

பங்குனி இறுதியில் ஒரு விடியற்காலை. பிடித்தவற்றை எண்ணிக் கட்டும்போது, ஒரு கொசு உள்ளானின் காலில் ஏதோ மின்னியது. அரிசியினும் சற்றே பெரிய உலோக வளையம். அதில் நுண்ணிய எழுத்துகளும் எண்களும் பொறிக்கப்பட்டிருந்தன. ‘பம்பாய்’ என்ற சொல்லை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

மாமா அதனை விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். “யார் வீட்டுப் பறவையோ மாப்ளே, காலுல கொலுசு போட்டு விட்டிருக்காங்க” என்றார். எனக்கு அது வேண்டும் என்று கேட்டேன். எட்டணாவுக்குப் பதிலாகக் கொடுத்தார்.

கூடையைக் கவிழ்த்து உள்ளே விட்டேன். நொய்யரிசி தூவினேன், கொட்டாங்கச்சியில் நீர் வைத்தேன். அது எதையும் தீண்டவில்லை. வலையில் முறுக்கிய ஒரு சிறகு மடங்காமல் தொங்கிக்கொண்டிருந்தது. நண்பகலில் கூடையைத் தூக்கியபோது பறவை இறந்து கிடந்தது. கையில் எடுத்தேன். மாமா சொன்னதுபோலவே அதன் நெஞ்சு கொழுத்திருந்தது. அதற்குமுன் எத்தனையோ உள்ளான்களைக் கையில் எடுத்திருக்கிறேன். கூலிக்காக அல்லாமல் ஒரு பறவையை நான் உற்றுப் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் வளையத்தைக் காகிதத்தில் மடித்து என் அறிவியல் ஆசிரியரிடம் கொண்டுசென்றேன். அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியில் எண்ணைப் படித்தார். மும்பையில் உள்ள இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பறவைகளின் வலசையை அறிய இவ்வாறு வளையமிட்டு விடுகின்றனர் என்று விளக்கினார். டென்மார்க்கைச் சேர்ந்த மார்ட்டென்சன் என்னும் ஆசிரியர் 1899இல் தொடங்கி வைத்த முறை அது. இந்தியாவில் அப்பணியைப் பேரளவில் வளர்த்தவர் பறவையியல் அறிஞர் சாலிம் அலி. அவர் வழிகாட்டலில் கோடியக்கரையிலும் அப்பணி நடைபெற்று வந்தது.

“எங்கே கிடைத்தது, எப்போது கிடைத்தது, எப்படிக் கிடைத்தது என்று நீயே எழுது, தம்பி. நான் ஆங்கிலத்தில் பெயர்த்து அனுப்புகிறேன்” என்று ஒரு தாளைக் கொடுத்தார்.

‘கரையில் இறந்து கிடந்தது’ என்று எழுதிக் கொடுத்தேன். அவர் படித்தார். “இறந்து கிடந்ததா?” என்று மட்டும் கேட்டார். நான் தலைகுனிந்து நின்றேன். அவர் திட்டவில்லை. முதல் தாளைக் கிழிக்காமல் மடித்துத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இன்னொரு தாளை நீட்டினார். ‘வலையில் பிடிபட்டது, என் வீட்டில் இறந்தது’ என்று எழுதினேன். அவ்வரியை எழுதி முடிக்க எனக்கு நெடுநேரம் ஆயிற்று.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபின் விடை வந்தது. காவலர் வருவார் என்று அஞ்சிக்கொண்டிருந்த எனக்கு வந்தது நன்றிக் கடிதம். கூடவே ஒரு செய்தியும் இருந்தது. அந்தக் கொசு உள்ளானுக்கு 1980ஆம் ஆண்டு திசம்பரில், இதே கோடியக்கரையில் வளையம் இடப்பட்டிருந்தது. அப்போதே அது வளர்ந்த பறவை.

ஆசிரியர் உலகப் படத்தை விரித்தார். நம் கரைக்கு வரும் கொசு உள்ளான்கள் சைபீரியாவின் வடகோடியில், மரங்களற்ற துந்திர நிலத்தில் கூடு கட்டுபவை. கோடியக்கரையிலிருந்து அங்குச் செல்ல, நேர்க்கோட்டில் கணக்கிட்டாலும் ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர். 1980 திசம்பருக்கும் 1984 பங்குனிக்கும் இடையே மூன்று கோடைகள். மூன்று முறை போய், மூன்று முறை வந்திருக்க வேண்டும். கரும்பலகையில் ஆறையும் ஏழாயிரத்தையும் பெருக்கினார். 42,000 கிலோமீட்டர்! பூமியின் சுற்றளவே ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர்தான்.

வகுப்பில் எல்லாரும் வியந்தனர். எனக்கு மட்டும் வியப்பைவிட வேறோர் எண்ணம் மேலோங்கியது. மலைகளையும் பாலைகளையும் கடந்து உலகையே ஒருமுறை சுற்றிய அளவுக்குப் பறந்த ஓர் உயிர், நான்காம் முறை புறப்படக் கட்டுச்சோறு கட்டி முடித்த வேளையில், என் சாக்குப்பைக்குள் வந்து விழுந்தது.

விருந்தினரா, ஊராரா?

அன்று மாலை கடிதத்தை மாமாவிடம் படித்துக் காட்டினேன். நெடுநேரம் அவர் பேசவில்லை. “அப்ப அது யார் வீட்டுப் பறவையும் இல்ல, நம்ம ஊர்ப் பறவைதான்” என்றார் இறுதியில். அன்றோடு அவர் வலையை எரித்துவிட்டார் என்று எழுத எனக்கும் விருப்பந்தான். அப்படி நடக்கவில்லை. அடுத்த பருவத்திலும் சில இரவுகள் அவர் சதுப்புக்குப் போனார். நான் உடன் செல்லவில்லை. அதன்பின், பறவைகளுக்கு வளையமிடும் முகாமில் கழி சுமக்கவும் வலை கட்டவும் ஆள் தேவைப்பட்டபோது கூலிக்குச் சேர்ந்தார். பறவை பிடிப்பதைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட பீகார் பகுதியினரின் கைத்திறனே அம்முகாம்களுக்குத் துணைநின்றது. அவர்களிடம் மாமா கற்றது, பறவையைச் சிறகு முறியாமல் வலையிலிருந்து எடுக்கும் முறை. “பிடிக்கத் தெரிஞ்ச கைக்கு விடவும் தெரியணும்” என்பார் பின்னாளில்.

‘நம்ம ஊர்ப் பறவை’ என்று மாமா சொன்ன சொல்லை நான் பல ஆண்டுகள் எண்ணிப் பார்த்திருக்கிறேன். செய்தித்தாள்கள் இவற்றை ‘வெளிநாட்டுப் பறவைகள்’ என்கின்றன, ‘விருந்தாளிகள்’ என்கின்றன. கணக்கைப் பார்ப்போம். கொசு உள்ளான்கள் ஆடி, ஆவணி மாதங்களில் நம் கரைக்கு வரத் தொடங்குகின்றன; சித்திரைவரை இங்கேயே தங்குகின்றன. துந்திரத்தில் கோடை மிகக் குறுகியது. கதிரவன் மறையாத அந்நாள்களில் பூச்சிகள் பெருகும். கூடமைத்து, முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, குளிர் தொடங்குமுன் அங்கிருந்து புறப்பட வேண்டும். ஏறத்தாழ இரண்டு திங்களே அங்கு வாழ்வு. சில வாரங்கள் வழிப்பயணம். எஞ்சிய காலமெல்லாம் இங்கே. ஆண்டின் பெரும்பகுதியை நம்மோடு கழிப்பவரை விருந்தினர் என்று எப்படிச் சொல்வது?

தலைப்பேற்றுக்குப் பெண் தாய்வீடு செல்வதும், பிள்ளையோடு திரும்பி வருவதும் நம் குடும்பங்களில் உள்ள வழக்கம். அவள் புறப்படும் நாளில் கட்டுச்சோறு சமைத்து, உறவினரைக் கூட்டி, வழியனுப்பி வைப்போம். இப்பறவைகளுக்குத் துந்திரம் தாய்வீடு. கோடியக்கரை வாழும் வீடு. பங்குனியும் சித்திரையும் வழியனுப்பும் காலம்.

கூடு கட்டும் பறவைகளிடம் இவ்வுறவை நம் மக்கள் நெடுங்காலமாகப் போற்றி வந்துள்ளனர். வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊரார் முறையிட்டு, 1798இல் அன்றைய மாவட்ட ஆட்சியரிடமிருந்து உரிமை பெற்றனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயலுக்கு உரம் என்பதை அறிந்தவர்கள் அவர்கள். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில், வீட்டு முற்றத்து மரங்களில் அமரும் பறவைகள் அஞ்சும் என்பதால் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகளும் அவ்வூர்க் குளத்துக்கு வருகின்றன. ஆனால், கோடியக்கரையின் கரைப்பறவைகள் இங்குக் கூடு கட்டுவதில்லை; நாம் கண்டு மகிழக் குஞ்சு பொரிப்பதில்லை. சேற்றில் குனிந்து உண்கின்றன, ஒருநாள் போய்விடுகின்றன. அதனால்தான் அவற்றைச் சொந்தம் கொண்டாட ஆள் குறைவு.

இச்சதுப்பு 2002இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ்ப் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அப்பெருமையை முதலில் பெற்ற இடம் இதுவே. ஆயினும், முன்னர் இலட்சக்கணக்கில் வந்த கரைப்பறவைகள் குறைந்துவிட்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். இதற்குக் காரணம் வலை மட்டுமன்று. நீர்வரத்து குறைவதும், உவர்ப்பு மிகுவதும், சேற்றுப்பரப்பு பாத்திகளாக மாறுவதும் சமையற்கூடத்தின் அடுப்பை அணைக்கின்றன. மேலும், இப்பறவைகளின் வாழ்வு ஒரே இடத்தோடு முடிவதன்று. நடு ஆசியப் பறப்புப் பாதை 30 நாடுகளைத் தொட்டுச் செல்வது. வழியில் கசகஸ்தானத்து உப்பேரி வற்றினாலும், இங்கே வேதாரண்யத்துச் சேறு காய்ந்தாலும், துந்திரத்தில் ஒரு கூடு குறையும். கையில் வலை இல்லாமலேயே நாம் பறவையைப் பிடித்துவிட முடியும் என்பதே நான் பின்னாளில் கற்ற பாடம்.

புறப்பாடு

இவற்றையெல்லாம் சொல்லி முடித்தபோது கைதட்டிய மாணவன் பேசவில்லை. அலைபேசி வைத்திருந்தவன் அதனைப் பைக்குள் வைத்துவிட்டுத் தொலைநோக்கிக்காகக் கையை நீட்டினான். கலைந்து போன உள்ளான்கள் மெல்ல மெல்ல மேய்ந்தபடியே எங்கள் பக்கம் வரத் தொடங்கியிருந்தன. அசையாமல் இருந்தோம். ஒரு மணி நேரத்தில், தொலைநோக்கி இன்றியே அவற்றின் கால்தடங்களைக் காணும் தொலைவுக்கு அவை வந்துவிட்டன.

மாலையில் மீண்டும் சதுப்புக்கு வந்தோம். கரைமேட்டில் மாமா அமர்ந்திருந்தார். இப்போது எழுபதைக் கடந்துவிட்டார்; பார்வை மங்கிவிட்டது. 2018இல் கஜா புயல் அவர் வீட்டுக் கூரையையும் கோடியக்காட்டு மரங்களையும் ஒருசேரச் சாய்த்தது. அதற்கடுத்த பங்குனியிலும் அவர் இங்கு வந்து அமர்ந்திருந்தார்.

சூரியன் சதுப்பின் மேற்கு விளிம்பைத் தொட்டது. நாற்பது, ஐம்பது கருவால் மூக்கன்கள் ஒரு குட்டையில் நின்றிருந்தன. பகல் முழுவதும் குனிந்திருந்த தலைகள் இப்போது நிமிர்ந்திருந்தன. சில குளித்தன, சில சிறகுகளைக் கோதின. ஒன்று குரல் கொடுத்தது, மற்றொன்று ஏற்றது. பின்பு, எவரும் கைதட்டாமலே, கூட்டம் எழுந்தது.

காலையில் அஞ்சிப் பறந்த பறப்பு அன்று இது. அவை தாழச் சுழன்று மீண்டும் இறங்கவில்லை. எங்கள் தலைக்கு மேலே வட்டமிட்டு மேலேறின, இன்னும் மேலேறின. ஒழுங்கற்ற கூட்டம் நீண்ட கோடாக நெளிந்தது. கோடு நடுவே மடிந்து அம்பு முனையாயிற்று. அம்முனை வடக்கே திரும்பியது. கரைப்பறவைகள் பலவும் அந்திப்பொழுதில் இவ்வாறுதான் புறப்படும் என்று படித்திருக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் கண்ணால் கண்டது மிகச் சில முறைகளே.

மாமா அண்ணாந்து பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்காது, ஆனால் குரல் கேட்டிருக்கும்.

“போறாங்க மாப்ளே” என்றார்.

‘போகுது’ என்று அவர் சொல்லவில்லை, ‘போறாங்க’ என்றார். உவப்பின் காரணமாக அஃறிணையை உயர்திணையாகச் சொல்வது திணை வழுவமைதி என்று எத்தனையோ ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அவ்விலக்கணத்துக்கு இதனினும் நல்ல சான்றை நான் கேட்டதில்லை.

சத்திமுத்தப் புலவர் தம் மனைவிக்குச் செங்கால் நாரையைத் தூது விடுத்தார். அவருடைய நாரையும் குமரியிலிருந்து வடதிசைக்குத் திரும்பும் நாரைதான். தமிழ்ப் புலவன் ஒருவன் பறவையின் வருகையை மட்டுமன்றிப் புறப்பாட்டையும் பார்த்திருக்கிறான். நாம்தாம் இடையில் மறந்துவிட்டோம்.

எங்கள் பள்ளியில் பறவைக் குறிப்பேடு ஒன்று உண்டு. பறவையின் பெயர், கண்ட இடம், எண்ணிக்கை, வந்த நாள் என நான்கு கட்டங்கள். பல ஆண்டுகளாக மாணவர்கள் அவற்றை நிரப்பி வருகின்றனர். அன்று இரவு, பேருந்தின் மங்கிய விளக்கொளியில், மாணவி ஒருத்தி அக்குறிப்பேட்டை மடியில் வைத்து அளவுகோலால் ஏதோ கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன். பக்கத்தின் ஓரத்தில் ஐந்தாவதாக ஒரு கட்டம் வரைந்திருந்தாள். அதன் தலைப்பில் ‘புறப்பட்ட நாள்’ என்று எழுதி, கருவால் மூக்கனுக்கு நேரே அன்றைய தேதியைக் குறித்தாள். கொசு உள்ளானுக்கு நேரே இருந்த கட்டத்தை வெறுமையாக விட்டாள்.

“அவை இன்னும் இங்குத்தான் உண்டுகொண்டிருக்கின்றன, ஐயா” என்றாள்.